ஓரத்தில் ஒரு சிவப்பு

சனிக்கிழமைதோறும் தேவா நகரில்
கல்யாணப் படம் எடுக்கிறவள் நான்.
சிரியுங்கள் சிரியுங்கள் என்று சொல்லியே
வாய் சலித்தவள்.
ரெட்டெசாட் மலை ஏறிவிட்டால்
மனித முகம் ஒன்றுகூட வேண்டாம் எனக்கு.

ஜூன் கடைசியில், பனி விலகிய சரிவில்
ரோடோடென்ட்ரான் பற்றி எரிகையில் ஒரு தடவை.
ஆகஸ்டில், மந்தை மணிகளுக்கு நடுவே ஒரு தடவை.
அக்டோபரில், கூடாரத் துணி விடியலில்
அப்பளம்போல் நொறுங்கும்போது ஒரு தடவை.
புகுரா ஏரிக்கரையில், யார் யாரோ
காற்றுக்கு அடுக்கி வைத்த கல்வட்டங்களில்
எப்போதும் அந்த மூன்றாவது.

எதிர்ச்சரிவில் வரையாடுகள்.
கண்ணோரம் கறுப்புக் கோடு, கொக்கியாய்க் கொம்பு.
வயிற்றைப் பாறையில் அழுத்தி
மூச்சை மூன்றாய் மடித்துக் கிடப்பேன்.
நாலு மணி நேரத்துக்கு ஒரு படம் தேறும்.
தேறிய படத்தின் இடது மூலையில்
ஒரு சிவப்புக் கூடாரம்.

வெட்டிவிடுவேன்.
மூன்று வருடம் வெட்டினேன்.
மலையைத் துடைத்துத்தான் சட்டம் போட்டேன்.

மார்ச்சில், முகூர்த்தம் இல்லாத ஒரு மழைநாள்,
வெட்டாத மூலங்களை அழிக்க உட்கார்ந்தேன்,
இடம் போதவில்லை.
சிவப்பைப் பெரிதாக்கிப் பார்த்தது ஏனென்று தெரியாது.

முதல் ஜூனில் வாசலில் இரண்டு ஜோடிக் காலணி.
கயிற்றில் காலுறைகள் நான்கு.
ஆகஸ்டிலும் அப்படியே; பச்சை மூடிபோட்ட பாத்திரம்.
அக்டோபரில் ஒரு ஜோடி.
அடுத்த வருடம் மூன்று தடவையும் ஒன்று.
போன வருடமும்.
வரையாடு ஒவ்வொரு படத்திலும் ரோமம் எண்ணும் கூர்மை.
அந்த ஒற்றை ஜோடி மட்டும்
லேசாகக் கலங்கி.

செத்துப்போனாள் என்றே முடிவு கட்டினேன்.
கல்யாண மண்டபத்தில் நிற்பவளுக்குக்
கதை கட்டவா தெரியாது?
பேர் தெரியாத ஒருத்திக்கு
இரண்டு வாரம் துக்கம்கூடக் காத்தேன்.

இந்த ஜூனில் நேரே போய் நின்றேன்.
என்ன கேட்பது? ஆப்பு அடிக்க
ஒரு கல் கிடைக்குமா என்றேன்,
கல்லைத் தவிர வேறில்லாத மலையில்.

அவர் பெயர் ட்ராயான். ஹட்செக் பக்கம் மர ஆலையில் வேலை.
சவேத்தா பெர்கமோவில், ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில்.
"கோடையில்தான் அங்கே ஆள் பற்றாது.
கிறிஸ்துமஸுக்கு விடுவார்கள்.
அப்போது இங்கே கழுத்தளவு பனி."
நான் விட்ட பெருமூச்சில்
அவருடைய அடுப்பு ஒரு தரம் அணையப் பார்த்தது.

பருவத்துக்கு ஒரு படம் அனுப்புவாராம்,
கைபேசியில் எடுத்து, சிக்னலுக்குக் கணவாய்வரை ஏறி.
"ஏரி வந்தால் கூடாரம் வரவில்லை,
கூடாரம் வந்தால் ஏரி வரவில்லை.
உன்னிடம் பெரிய கண் இருக்கிறதே."

லென்ஸ் மாற்றினேன். பின்னால் நகர்ந்தேன். இன்னும் பின்னால்.
இத்தனை நாள் வெட்டியதை உள்ளே விட
எத்தனை அடி பின்வாங்க வேண்டியிருக்கிறது!
ஏரி, சிகரம், சிவப்பு, ஒற்றை ஜோடி.
அவரை வாசலில் நிறுத்தி,
பழக்க தோஷம்,
சிரியுங்கள் என்றேன்.
மேல் விளிம்பில் இரண்டு வரையாடுகள் கடந்ததை
அப்புறம்தான் பார்த்தேன்,
கலங்கலாக.

படத்தை அவர் கைபேசிக்கு மாற்றி
இருவருமாகக் கணவாய் ஏறினோம்.
ஒரு கோடு. இரண்டு கோடு. போயிற்று.
பதிலுக்குக் கால்மணி நேரம்; காது விறைத்துவிட்டது.
ஏரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சிகரம் அவள் கண்ணில் படவே இல்லை போலும்.

"பின்கயிற்றை யார் அப்படிக் கட்டியது?
காற்று அந்தப் பக்கம்தானே வரும்.
இரண்டு விரல் இறக்கிக் கட்டு."

கீழே வந்ததும் இறக்கிக் கட்டினோம்.
இரவு இரண்டு மணிக்குக் காற்று வந்தது,
அந்தப் பக்கமிருந்துதான்.